வெளிச்சம் எழும்பவில்லை

கிண்ணியா
08.10.2023

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தில் நடந்தது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். வாசித்துவிட்டு நீங்கள் ஏசலாம். ஏசி முடித்தபிறகு என்ன செய்வதென்று மட்டும் சொல்லவேண்டும்.

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கப்போகிறது என்று உம்மாவின் முழங்கால் இப்போதே சொல்லிவிட்டது. அரபுக் கல்லூரியில் தரும் போர்வை மலைக் குளிருக்குப் போதுமா என்று கேட்டு எழுதச் சொன்னார். உங்கள் இருமல் எப்படி?

வாப்பாவின் வெளிச்சத் துவக்கை நான் கழற்றிவிட்டேன்.

போன வருடம் பட்டினத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் பக்கீர் காக்காவிடம் வாப்பா வாங்கி வந்த அதே பித்தளைப் பிஸ்டல்தான். அது ஆளைச் சுடுவதில்லை, கடலில் ஆபத்து வந்தால் வானத்துக்குச் சிவப்பு வெளிச்சம் விடுகிறது என்று எத்தனை தரம் சொன்னாலும் உம்மா அதை அலுமாரிக்குள் வைக்க விடுவதில்லை. உப்புப் பிடித்து அதன் விசை இறுகிப்போய்விட்டது. "நஸ்ரி லீவுக்கு வரட்டும். இதிட வயித்துக்குள்ள என்ன இரிக்கி எண்டு அவனுக்குத்தான் தெரியும்" என்று வாப்பா அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வியாழக்கிழமை கடலுக்குப் போனார். உங்கள் லீவு நோன்புக்குத்தான். அதுவரை வாப்பாவும் அவரோடு படகில் போகும் அஷ்ரப் நானாவும் வெளிச்சம் இல்லாமலா கடலில் கிடப்பது என்று யோசித்தேன். நீங்கள் செய்ததை நானும் செய்யலாம் என்றும் யோசித்தேன். இரண்டையும் எழுதினால்தான் உண்மை.

உம்மாவின் தையல் மெசின் மேசையில் பேப்பர் விரித்து, ஒவ்வொரு துண்டையும் கழற்றும்போதே சீ.ஆர். கொப்பியில் படம் கீறி இலக்கம் போட்டேன். பதினொரு துண்டுகள். மண்ணெண்ணெய்யும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு துப்புரவாக்கி, இலக்கப்படி திரும்பப் பூட்டினேன். தோட்டா இரண்டையும் தொடவில்லை. அவை பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கின்றன.

இப்போது விசையை இழுத்தால் உள்ளே இருக்கும் சின்னச் சுத்தியல் பாதி எழும்பி அப்படியே நின்றுவிடுகிறது. அடிக்கவில்லை. முன்பு இறுக்கமாக இருந்தாலும் அடித்தது. இன்னொன்று, ஒரு சின்ன ஆணி மிஞ்சிவிட்டது. பதினொன்றைக் கழற்றினேன், பன்னிரண்டு இருக்கிறது. மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன்.

படத்தைப் பார்த்துக் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். வாப்பா நாளை வருவார்.

உங்கள் ஏச்சுக்காகக் காத்திருக்கும் தங்கை,
ஷிஃபானா

*

15.10.2023

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் வாப்பா உம்மாவுக்கும் என் ஸலாம். இருமல் குறைந்துவிட்டது. போர்வை போதும் என்று உம்மாவிடம் சொல். போதாது, ஆனால் அப்படிச் சொல்.

எங்களுக்கு வரும் கடிதங்களை எங்கள் ஆசிரியர் ஹஸ்ரத் வாசித்த பிறகுதான் தருவார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கட வீட்டில துவக்குப் பட்டறை ஒண்டு நடக்குதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என்னோடு படிக்கும் இன்பாஸ் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. போனாவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், இங்கே எங்கள் கையில் போனும் கிடையாது. ஆகவே தேவையானதை மட்டும் எழுது.

ஏசுவதை லீவில் வந்து செய்கிறேன். முதலில் இதற்குப் பதில் எழுது. எட்டாம் இலக்கத்துச் சுருளுக்கு இரண்டு கால்கள் இருக்கும். நீளக்கால் எந்தப் பக்கம் இருக்கிறது? குழலை மடித்துப் பூட்டும்போது "டக்" என்று கேட்கிறதா, இல்லையா? மிஞ்சிய ஆணி பித்தளையா இரும்பா?

பதில் வரும்வரை பலத்தைக் காட்டி இழுக்காதே. தோட்டாவைப் பக்கத்திலும் கொண்டுவராதே.

நஸ்ரி

*

கிண்ணியா
22.10.2023

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உங்கள் போர்வை பற்றிய பொய்யை உம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. அஷ்ரப் நானாவின் மாமி கண்டிக்குப் போகும்போது ஒன்று கொடுத்தனுப்புவார்.

நீளக்கால் பின்பக்கம் இருக்கிறது. குழல் "டக்" என்று பூட்டுகிறது. மிஞ்சிய ஆணி இரும்பு. அது துவக்கின் ஆணியே இல்லை.

செவ்வாய்க்கிழமை உம்மா அஷ்ரப் நானாவின் பெண்சாதி ஹுஸ்னியா ராத்தாவின் பிள்ளைக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தபோது மெசின் ஓடவில்லை. நான் பேப்பரை விரித்த இடத்தில் மெசினிலிருந்து கழன்று கிடந்த ஆணியையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். உம்மா அதைப் பூட்டி முடித்துவிட்டு, "துவக்கும் திருந்தல்ல, மெசினும் கெட்டுப்போச்சி. இனி ஒன்ட கைபட ஒரு சாமானும் வெளிய கிடக்காது" என்று சொல்லி, கத்தரிக்கோல், நூல், எண்ணெய் எல்லாவற்றையும் மெசின் மேசையின் லாச்சிக்குள் போட்டுப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில்தான் வாப்பாவுக்கும் தெரியவந்தது. துவக்கை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அடுத்து என் கொப்பியைப் பார்த்தார். "மகள், ஒரு கப்பலக் கழட்டித் தந்தாலும் நீ பூட்டிருவாய்" என்றார். நான் சந்தோசப்பட்டேன். "ஓடத்தான் ஓடாது" என்றார். அஷ்ரப் நானா வாசலில் நின்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. வாப்பா அதைக் கண்டுவிட்டு, அடுத்த இருட்டுக்குப் போகும்போது எடுத்துப் போவேன், அதற்குள் நீயும் உன் காக்காவும் கடிதத்திலேயே திருத்தித் தாருங்கள் என்றார். நவம்பர் ஒன்பதாம் திகதி போகிறார்கள். நிலா இல்லாத இருட்டு நாட்களில்தான் வலைக்கு நல்லது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே சீக்கிரம் எழுதுங்கள்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
ஷிஃபானா

*

29.10.2023

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். போர்வை கிடைத்தது. இப்போது என்னிடம் இரண்டு இருக்கிறது, இன்பாஸிடம் அரைதான் இருக்கிறது. அவன் சிரித்ததற்கு அது போதும்.

சுருளை மாற்றிப் போட்டிருக்கிறாய். நீளக்கால் முன்னால், சுத்தியலின் பள்ளத்துக்குள் இருக்கவேண்டும். எட்டையும் ஒன்பதையும் மட்டும் கழற்றித் திருப்பிப் போடு. மற்றதைத் தொடாதே. வெறுங்குழலில் இரண்டு தரம் இழுத்துப் பார். "ணங்" என்று அடிக்கவேண்டும்.

அடித்தால், தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. அது மட்டும். வேறு எதுவும் வேண்டாம். ஏன் என்று வரும்போது சொல்கிறேன்.

வாப்பாவிடம் என் ஸலாத்தைச் சொல். காற்று மாறுகிற மாதம், கவனம் என்று சொல். சொன்னால் சிரிப்பார். இருந்தாலும் சொல்.

நஸ்ரி

*

கிண்ணியா
08.11.2023

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். அடித்துவிட்டது.

உங்கள் கடிதம் இன்று பகல்தான் கிடைத்தது. பாடசாலையிலிருந்து வந்து சோறு தின்னவும் இல்லை. சுருளைத் திருப்பினேன், எண்ணெய் போட்டேன், வாப்பாவைக் கூப்பிட்டு முற்றத்து வெயிலில் வைத்து இழுத்துக் காட்டினேன். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். வாப்பா தானும் வாங்கி நாலைந்து தரம் இழுத்தார். முன்பு இரண்டு விரல் வேண்டியிருந்தது, இப்போது ஒரு விரல் போதும் என்றார். அஷ்ரப் நானாவைப் பார்த்து, "கப்பல் ஓடுதுடா" என்றார்.

தோட்டா இரண்டே இருப்பதால் ஒன்றை விட்டுப் பார்க்க வாப்பா சம்மதிக்கவில்லை. அது சரிதான்.

நாளைக் காலை போகிறார்கள். இரண்டு இரவு. சனிக்கிழமை வந்துவிடுவார்கள். உங்கள் கவனத்தைச் சொன்னேன். சிரித்தார்.

உம்மா உங்களுக்குத் தித்திப்பாகத் தொதல் கிண்டி வைத்திருக்கிறார். அதை எடுத்துவர யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள்.

பெருமையோடு,
ஷிஃபானா

*

10.11.2023

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இன்று ஜும்ஆவுக்குப் பிறகு நேரம் இருக்கிறது, எழுதுகிறேன். துவக்கு அடித்ததா?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. விடியற்காலை ஸுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது கை நம்முடையதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துபோகிறது. கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. குசினிக்குக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்கிறோம். சமையல்காரர் எங்களை மொட்டை அடிக்கச் சொல்கிறார்.

பரீட்சை நெருங்குகிறது. வாப்பா திரும்பி வந்ததும் எத்தனை கிலோ என்று எழுது. வீட்டு நினைவு வந்தால் அதை வாசித்துக்கொள்வேன்.

உன் காக்கா,
நஸ்ரி

*

கிண்ணியா
27.11.2023

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். நீங்கள் பஸ் ஏறிய பிறகு எழுதும் முதல் கடிதம் இது. சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக ஹஸ்ரத்தின் போனில் சொன்னீர்களாம். உம்மா கஞ்சி குடிக்கிறார். மருந்தும் எடுக்கிறார். வாப்பா இல்லாமல் இன்றைக்குப் பதினாறாம் நாள்.

நீங்கள் வீட்டில் ஒன்பது நாள் இருந்தீர்கள். பகலெல்லாம் தேடும் படகுகளோடு போனீர்கள். பின்னேரம் வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். நீங்களும் நானும் துவக்கைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று நீங்கள் நினைத்தீர்களோ தெரியாது.

நீங்கள் போன அன்றுதான் உங்களுடைய பத்தாம் திகதிக் கடிதம் வந்தது. நீங்களே கொண்டுவந்திருக்கலாம் என்று தபால்காரர் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

வெருகலிலிருந்து மூத்ததம்பி என்ற மீன்பிடிக்காரர் போன புதன்கிழமை பஸ்ஸில் வந்தார். அவர்களுடைய கரையில் ஒதுங்கிய இலேசான வெள்ளை ரெஜிபோம் மூடி ஒன்றை உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் ஐஸ் பெட்டி மூடிதான். படகின் இலக்கம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அவர் கதிரையில் உட்காரவே இல்லை, தேத்தண்ணீரை நின்றுகொண்டு குடித்தார். உம்மா மூடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, மூடி காற்றுக்குப் பறக்கும், படகு பறக்காது என்றார்.

உம்மா அப்படிச் சொல்வதற்குக் காரணம் ஸெய்னுதீன் மாமா. மீனவர் சங்கத்துத் தலைவர் என்பதால் எல்லோரும் அவர் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். அவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "அண்டைக்கு அந்தப் பக்கம் ஏழு போட் நிண்டிரிக்கி. ஒருத்தனும் வெளிச்சம் காணல்ல. கரச்சல் எண்டா அவன் வெளிச்சம் உட்டிருப்பான். வெளிச்சம் எழும்பல்ல எண்டா அவனுக்கு ஒண்டும் ஆகல்ல. இஞ்சின் நிண்டு நீரோட்டத்துல போயிருப்பான். எங்கயாவது புடிச்சி வெச்சிரிப்பானுகள்."

அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் உம்மா இதையே சொல்கிறார். சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிகிறது. ஹுஸ்னியா ராத்தாவும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதையே சொல்கிறார். நேற்று அவர் இன்னொன்றும் சொன்னார். கடற்படைச் சோதனையில் கண்டால் துவக்குக்கு அனுமதிக் கடதாசி கேட்பார்கள் என்று வாப்பா அதைப் பொலித்தீனில் சுற்றி ஐஸுக்கு அடியில் மீன் மாதிரிப் புதைத்து வைப்பாராம். அஷ்ரப் நானா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

ஒரு கேள்வி. தேங்காய் எண்ணெய் மலைக் குளிரில் மட்டும்தான் உறையுமா, ஐஸிலும் உறையுமா?

துஆவை மறக்காதீர்கள்.

ஷிஃபானா

*

06.12.2023

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உம்மாவுக்கு நேரத்துக்கு மருந்து கொடு. நீயும் சாப்பிடு. பாடசாலைக்குப் போ.

இங்கே ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வாப்பாவுக்கும் அஷ்ரப் நானாவுக்கும் துஆக் கேட்கிறார்கள்.

கடிதங்களை எல்லோரும் வாசிக்கிற இடம் இது. யோசித்து எழுது.

நஸ்ரி

*

கிண்ணியா
17.12.2023

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உம்மாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி சுகம் என்று எழுத ஏலாது.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. அதனால் நானே செய்து பார்த்தேன். இதைக் கொண்டுவருகிற இன்பாஸின் மச்சான் உங்கள் கையில்தான் தருவார், ஹஸ்ரத்தின் மேசைக்குப் போகாது.

உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதத்தில் எதையும் குறைக்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். நவம்பர் எட்டாம் திகதிக் கடிதத்தில் குறைத்தேன். எண்ணெய் போட்டேன் என்று எழுதினேன், எந்த எண்ணெய் என்று எழுதவில்லை. மெசின் எண்ணெய் லாச்சிக்குள் இருந்தது. திறப்பு உம்மாவின் இடுப்பில். கேட்டால் திரும்பவும் ஏசுவார் என்று கேட்கவில்லை. குசினி ஜன்னலில் தேங்காய் எண்ணெய் இருந்தது. தோணிக்காரர்கள் கத்தியில் பூசுவது, உம்மா பூட்டில் விடுவது எல்லாம் அதுதானே என்று நினைத்தேன். ஒரு துளி அல்ல. இரண்டு கரண்டி. சுருளுக்குள்ளும் தோட்டாவைக் குத்தும் ஊசி போய்வருகிற துளைக்குள்ளும் நிறையும்வரை விட்டேன். அதனால்தான் ஒரு விரலுக்கு அவ்வளவு இலேசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பழைய ஆமைப்பூட்டு ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, அதே போத்தலிலிருந்து அதே அளவு எண்ணெய் விட்டேன். வெயிலில் வைத்துத் திறந்தேன். திறப்பைத் தொட்டதும் துள்ளித் திறந்தது. பொலித்தீனில் சுற்றி, ஹுஸ்னியா ராத்தா வீட்டு ஐஸ் பெட்டிக்குள் ஐஸுக்கு அடியில் வைத்தேன். வைத்த நேரம் 2.10. எடுத்த நேரம் 4.30. திறப்பு உள்ளே போனது, திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினேன். துளைக்குள் வெள்ளையாக மெழுகு மாதிரி நின்றது. முற்றத்தில் வைத்தேன். சிறிது நேரத்தில் திறப்பைத் திருப்பியதும் திறந்தது.

கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். முடிவு என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் எழுதவில்லை.

இன்னொரு விசயம். தூரத்து ஊர் ஏஜண்ட் ஒருவர் வந்தார். வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் மீனவர்களை வழக்குப் பேசி எடுத்துத் தருவாராம். போனில் ஒரு படம் காட்டினார். மதிலோரம் சிலர் குந்தியிருக்கிறார்கள். மங்கல். மூலையில் தலை குனிந்திருப்பவர் வாப்பா என்று உம்மா சொல்கிறார். எனக்கு அது யாராகவும் இருக்கலாம் போலிருக்கிறது. வெளிச்சம் எழும்பவில்லை என்று உம்மா சொன்னதும் அவர், "அப்ப புடிபட்டதுதான்" என்று தலையாட்டினார். வழக்குச் செலவுக்கு வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடாகக் கேட்கிறார். தை பிறக்க முன்னர் வருவேன் என்று போயிருக்கிறார்.

வெளிச்சம் ஏன் எழும்பவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

என்ன செய்ய?

ஷிஃபானா

*

26.12.2023

தங்கைக்கு,

ஸலாம். ஒன்பது நாள் பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். இதை இன்பாஸின் மச்சானிடமே கொடுத்தனுப்புகிறேன். வாசித்துவிட்டு எரித்துவிடு.

ஐஸுக்குள் புதைக்கச் சொன்னது நான்தான். போன வருடம் சோதனையில் கேட்பார்களே என்று வாப்பா பயந்தபோது, அங்கே யாரும் கைவிட்டுக் கிண்டமாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் என்னைக் கெட்டிக்காரன் என்றார். குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மெசின் எண்ணெய் மட்டும் என்று எழுதினேன். காரணத்தை எழுதினால் ஹஸ்ரத் வாசிப்பார், ஒளித்துவைப்பது தெரிந்துவிடும் என்று எழுதாமல் விட்டேன். ஒரு வரிதான். வீட்டில் ஒன்பது நாள் இருந்தும் உன்னிடம் நான் ஏன் கேட்கவில்லை என்று உனக்கு இப்போது விளங்கும்.

உம்மாவிடம் சொல்லாதே. அவருக்கு இருப்பது அந்த ஒரு கதைதான். அதையும் எடுத்தால் என்ன மிஞ்சும்?

உறுதியையும் கொடுக்க விடாதே. நம் வழக்கப்படி வீடு உனக்குரியது, உன்னைக் கேட்காமல் உம்மா கொடுக்கமாட்டார். கேட்டால் விருப்பமில்லை என்று சொல். காரணம் சொல்லாதே. கெட்ட பிள்ளை என்று நினைத்தால் நினைக்கட்டும். எனக்குப் பத்தாம் திகதி லீவு தருகிறார்கள். வந்து மிச்சத்தைப் பார்க்கிறேன்.

உன் மேல் பிழை இல்லை. இதை நம்பு என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை.

நஸ்ரி

*

கிண்ணியா
07.01.2024

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதற்கு முன்னர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடி செய்யத் தொடங்கினேன். முடிக்க ஏலவில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் எரித்துவிட்டேன்.

ஏஜண்ட் நாளைக்கு வருகிறார். இன்று பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்துக் கட்டிலில் விரித்தார். என்னைப் பக்கத்தில் இருத்தினார். "என்ட உம்மா எனக்குத் தந்த வீடு. இது ஒனக்கு வரவேண்டியது. ஒன்ட சம்மதம் இல்லாம குடுக்க மாட்டன். என்ன சொல்றாய்?" என்று கேட்டார்.

காக்கா, எனக்குக் கொடுக்கத்தான் ஆசையாக இருந்தது. ஓம் என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வாப்பாவுக்காக வீட்டையே கொடுத்த பிள்ளை என்று ஊர் சொல்லும். உம்மா என் தலையைத் தடவுவார். நான் செய்ததற்கு ஏதோ கொடுத்துவிட்ட மாதிரியும் இருக்கும். அதனால்தான் ஓம் சொல்லவில்லை.

"எனக்கு விருப்பமில்ல" என்றேன்.

உம்மாவுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நானும் திரும்பச் சொன்னேன். என்னை வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வாப்பாவ விட ஒனக்கு வீடு பெரிசா?" என்றார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். லாச்சி பூட்டியிருந்தது முதல் ஆமைப்பூட்டு வரைக்கும். ஐஸில் வைக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்லவேண்டும்.

உம்மா இடையில் ஒரு கேள்விதான் கேட்டார். எந்தப் போத்தல் என்று. ஜன்னலில் இருக்கிற போத்தல் என்றேன். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை இடுப்புக்குப் போய் லாச்சித் திறப்பைப் பிடித்துக்கொண்டது. இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் எழும்பவில்லை.

பிறகு கேட்டார்: "அப்ப அவரு அத எத்தின தரம் இழுத்துப் பாத்திருப்பாரு?"



இத்தனை நாளும் உம்மா நினைத்துக்கொண்டிருந்தது வெளிச்சம் விடத் தேவையே இல்லாத ஒரு வாப்பாவை. அவர் பயப்படவில்லை, கூப்பிடவில்லை, எங்கோ கரையில் குந்தியிருக்கிறார் என்று. என் வாயால் அந்த வாப்பாவை நான் எடுத்துவிட்டேன். இனி அவர் நினைக்கப்போவது இருட்டில் விசையை இழுத்துக்கொண்டிருக்கிற வாப்பாவை. நானும் அவரைத்தான் நினைக்கிறேன், ஹுஸ்னியா ராத்தா ஐஸைப் பற்றிச் சொன்ன அந்த நாளிலிருந்து.

உம்மா உறுதியை மடித்து உள்ளே வைத்தார். நாளைக்கு அந்த மனிதருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவோம் என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இறந்தவர்களுக்குரிய ஜனாஸாத் தொழுகையை இரண்டு பேருக்கும் நடத்த ஸெய்னுதீன் மாமாவே நம்பிக்கை விட்டு டிசம்பரில் கேட்டிருந்தார், உம்மாதான் மறுத்துக்கொண்டிருந்தார். இப்போது சம்மதம் என்று சொல்லி அனுப்பச் சொன்னார். நீங்கள் வந்து முன்னால் நிற்கவேண்டும். வெள்ளைப் புடவையை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

ஹுஸ்னியா ராத்தாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். "நீதான் சொல்லணும். நான் பக்கத்தில நிப்பன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அடிக்கவுமில்லை. சோறு போட்டு வைத்தார், நான் தின்னும்வரை அங்கேயே இருந்தார், தான் தின்னவில்லை.

நான் உங்களுக்கு எழுதாமல் விட்ட இன்னொன்று இருக்கிறது. வாப்பா வராத சனிக்கிழமையிலிருந்து உம்மா கடல்பக்கத்து வாசல் விளக்கை விடிய விடிய எரியவிட்டார். வாப்பா வந்தால் வழி தெரியவேண்டுமாம். ஐம்பத்தேழு இரவுகள். மின்சாரம் நின்ற நாட்களில் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கொளுவினார். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டாம் என்று நினைத்தேன்.

இதன் கடைசி வரிகளைத் திங்கட்கிழமை காலையில் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று எழுதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தவேண்டி வந்தது. உம்மா வெள்ளைப் புடவையோடு எழும்பிப் போனார். வாசலில் சுவிட்சின் சத்தம் கேட்டது. பிறகு மண்டபத்தில். பிறகு குசினிக்கு வந்து, நான் எழுதுகிறேன் என்று தெரிந்தும், என் தலைக்கு மேலே இருந்ததையும் நிறுத்தினார். விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.

ஷிஃபானா